குருதி சொல்லும் குடும்பக் கதை

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்து மேலேறுவோர் சிலருக்கு மூக்கிலும் காதிலும் குருதி வடிந்ததை, 1803இல் வெளியான தம் இலங்கை நூலில் இராபர்ட் பெர்சிவல் பதிவு செய்துள்ளார். அது கடல் அழுத்தத்தின் விளைவு. கடலில் இறங்காத சில குடும்பங்களிலும் தலைமுறை தலைமுறையாக மூக்கில் குருதி வடிவதுண்டு. 'உடல் சூடு' என்று நாம் அதை ஒதுக்கிவிடுகிறோம்.

இது குருதி உறையாமை நோயன்று என 1896இல் பிரெஞ்சு மருத்துவர் ரான்டு பிரித்துக் காட்டினார். 1901இல் வில்லியம் ஆஸ்லர், நோய் குடும்பவழி தொடர்வதை விவரித்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1908இல் மருத்துவம் படித்து முடித்த பிரெடரிக் ஹேன்ஸ், மறு ஆண்டே இன்றைய பெயரைச் சூட்டினார்: பரம்பரைக் குருதிக்கசிவு நுண்குழல் விரிவு. பின்னாளில் அவர் மருத்துவத் துறைக்குத் தலைமையேற்ற டியூக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களே, 1994இல் இதற்குரிய முதல் மரபணுவான எண்டோகிளினைக் கண்டறிந்தனர்.

அம்மரபணு பழுதானால், தமனியும் சிரையும் இடையில் நுண்குழலின்றி நேரே இணைகின்றன. உடலெங்கும் உள்ள பழுது சில இடங்களில் மட்டும் வெளிப்படுவது ஏன்? மற்ற பெற்றோரிடமிருந்து வந்த நல்ல பிரதியும் அவ்விடங்களில் கெட்டுவிடுகிறது என்பது 2019இல் கிடைத்த விடை.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதி. ஆகவே சொந்தத்தில் மணமுடித்ததைப் பழிப்பதில் பொருளில்லை. மூக்குக் குருதி பெரும்பாலும் தீங்கற்றதே. ஆனால் இந்நோயில் நுரையீரலிலும் மூளையிலும் இத்தகைய இணைப்புகள் உருவாகி உயிருக்கே ஊறு செய்யலாம். அடிக்கடி குருதி வடியும் பிள்ளையைப் பார்த்து, 'இவன் தாத்தாவுக்கும் இப்படித்தான்' என்று பாட்டி சொன்னால், அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஆஸ்லர் தம் நோயாளிகளிடம் கேட்டறிந்ததும் அந்தக் கதையைத்தான்.