தவளைத் தோலும் தீவன மூட்டையும்

நோயெதிர்ப்பின் வரலாற்றைப் போர் வரலாறாகத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உடல் ஒரு கோட்டை, வெள்ளையணுக்கள் சிப்பாய்கள், கிருமி அந்நியன். இந்தச் சொல்லாடலுக்குள் அடங்காத ஒரு சின்ன வரலாறும் உண்டு. அதைத்தான் இங்கே வாசித்துப் பார்க்கிறேன்.

பூச்சிகளுக்கு ஆன்டிபாடி கிடையாது. அப்புறம் எப்படிப் பிழைக்கின்றன? ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் போமன் குழுவினர் செக்ரோப்பியா அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். 1981ல் விடை கிடைத்தது: செக்ரோப்பின். சில பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். 1985ல் மனித வெள்ளையணுவில் டிஃபென்சின். 1987ல் அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப், அறுத்துத் தைத்து அழுக்குத் தொட்டியில் விட்ட ஆப்பிரிக்கத் தவளைகளுக்குப் புண் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். தோலிலிருந்து மகெய்னினைப் பிரித்தெடுத்தார். எபிரேயத்தில் 'மகேன்' என்றால் கேடயம். பெயர் வைக்கும்போதும் போர் விடவில்லை, பாருங்கள்!

ஆனால் நடப்பது போரல்ல. பாக்டீரியாவின் மேலுறையில் எதிர்மின் சுமை. பெப்டைடில் நேர்மின் சுமை. இழுபட்டுப் போய் ஒட்டுகிறது, பெரும்பாலும் உறையைக் குலைத்து ஓட்டை போடுகிறது. நம்முடைய செல்லின் வெளிப்புறத்தில் அந்தச் சுமை அவ்வளவாக இல்லாததால் தப்பித்துக்கொள்கிறது. அந்நியனும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அந்துப்பூச்சிக்கும் தவளைக்கும் நமக்கும் பொதுவான உத்தி இது.

இந்தப் பொதுச் சொத்தில்தான் சந்தை கைவைத்தது. கோலிஸ்டின் என்ற மருந்தும் ஒரு பெப்டைடுதான். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்குவது. வேறெந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசிக் கையிருப்பு. அதையே பன்றியும் கோழியும் சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்தார்கள். 2015ல் சீனாவில் எம்.சி.ஆர்.-1 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அது மேலுறையின் எதிர்மின் சுமையைக் குறைத்துவிடுகிறது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கும் தாவுகிறது. சீனா 2017ல் தீவனக் கலப்பை நிறுத்தியது. இந்தியா 2019ல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது.

2023ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போகிறது. இந்த மரபணு உள்ள ஈ.கோலை, கோழி, பன்றி, மனிதர் ஆகியோரின் சொந்தப் பெப்டைடுகளையும் கூடுதலாகத் தாங்கி நிற்கிறது. ஆக, வீணானது ஒரு மருந்து மட்டுமல்ல. ஊசி மருந்து வாங்கக் காசில்லாதவர் உடம்புக்குள்ளும் இருந்த, யாரும் விலை வைக்காத காப்பு அது. தீவன மூட்டையின் லாபக் கணக்கில் இந்த நஷ்டத்தை யார் பேரில் எழுதுவது?