ஆற்காட்டு நவாபு பட்ட கடன்

கடன் ஏழைக்கே பகையென்று எண்ணுவாருமுளர். கர்நாடகத்தை ஆண்ட நவாபு முகம்மது அலி வாலாஜாவின் சரித்திரம் அதனைப் பொய்ப்பிக்கின்றது.

இவர் ஆங்கிலக் கம்பெனியாரின் படைத்துணையால் அரசெய்தினார். அப்படைச் செலவும் இவர் தலைமேலேயே விழுந்தது. அதனோடு 1768-ல் சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனையும் எடுப்பித்து ஆடம்பரமாக வாழ்ந்தார். வரவு போதாமையால், கம்பெனி உத்தியோகஸ்தரான பால் பென்பீல்டு முதலியோரிடம் பெருவட்டிக்குக் கடன் வாங்கி, ஈடாகச் சீமைகளின் வரி வருவாயை எழுதிக் கொடுத்தார். பழங்கடனைத் தீர்க்கப் புதுக்கடன் வந்தது. நவாபு பட்ட கடனை ஏர்பிடித்த குடியானவன் சுமந்தான். 1785-ல் எட்மண்டு பர்க்கு என்பார் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இக்கடன்களைக் கண்டித்து நெடிய பிரசங்கம் செய்தார்.

1795-ல் நவாபு இறந்தார், கடன் இறக்கவில்லை. 1801-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியார் கைக்கு மாறிற்று. அவர் பேரருக்குப் பட்டமும் வருவாயில் 5-ல் ஒரு பங்குமே எஞ்சின. 1855-ல் கடைசி நவாபு வாரிசின்றி மறைந்தபின், அவ்வரண்மனையும் கடனுக்காக ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தார் வசமாயிற்று.

அன்பர்களே! கலியாணச் சிறப்புக்காக நிலத்தை ஈடுவைக்க எண்ணுமுன் இதனை நினைமின். விளைச்சலை எழுதிக் கொடுப்பவன் நிலத்தையே எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டான். வரவுக்குள் செலவைக் கட்டுவோன் குடிசையிலும் அரசனன்றோ!