கப்பலில் வந்த அண்ணன், படகில் வந்த தம்பி

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷமாகிறது. போன மாதம் புனலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். மலையாளம் பாதி, கண்டித் தமிழ் பாதி. "சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பல்ல வந்தோம் சார்" என்றார்.

1948-ல் சிலோன் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, சிலோனுக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். (நாங்கள்கூட வாராக்கடனை இவ்வளவு சுலபமாகப் பிரிப்பதில்லை!) அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் டேன்டீ, இங்கே புனலூரில் 1976-ல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம். சென்னையில் 1969-லேயே ரெப்கோ வங்கி. பலருக்குக் கிடைத்தது சிறிய வியாபாரக் கடன் மட்டும்தான். கொழுந்து பறித்த கை என்ன வியாபாரம் செய்யும்?

பெரியவரின் தம்பியும் இந்தியா வர மனுப் போட்டவர்தான். முறை வருமுன் 1984-ல் கப்பல் நின்றுவிட்டது. 1990-ல் படகேறி வந்தார். அண்ணன் தாயகம் திரும்பியவர். தம்பி அகதி, சட்டத்தின் கண்ணில் கள்ளக் குடியேறி. தம்பி மகன் பிறந்தது திருச்சி கொட்டப்பட்டு முகாமில். ஆனால் 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2019-ன் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. அதே வருஷம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. 2021-ல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை டெல்லி தர வேண்டியது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இருபது வருஷம் முன்பு நான் திருச்சியில் கிளார்க். முகாம் அட்டையோடு கணக்குத் தொடங்க வந்த ஒரு பையனை, "இது செல்லாதுப்பா" என்று திருப்பி அனுப்பினேன். மேலதிகாரியிடம்கூடக் கேட்கவில்லை. அவன் மறுபடி வரவேயில்லை.

பெரியவர் தன் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குத் தம்பி மகனை நாமினியாகப் போடமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். படிவத்தை எடுத்து நானே நிரப்பினேன். பெயர், முகவரி, உறவு, வயது. எந்த நாட்டுக்காரர் என்று அதில் கேட்பதில்லை.