சிகாகோ தேடிய கல்வித் தலைமை

ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதே எளிய செயலன்று. ஒரு மாநகரத்தின் பொதுப்பள்ளிகள் அனைத்திற்கும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பது அதனினும் அரிய பொறுப்பாகும். அவ்வுரிமை எவருக்கு உரியது? நகரை ஆள்வோர்க்கா, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்க்கா, வகுப்பறையில் நின்று கற்பிக்கும் ஆசிரியர்க்கா? இவ்வினாவை நூறாண்டுகளுக்கு முன்னரே கூர்மையாக எழுப்பிய நகரம் அமெரிக்காவின் சிகாகோ ஆகும்.

1870ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களைக் கொண்டிருந்த அந்நகரம், 1910இல் இருபத்தோரு இலட்சத்தைக் கடந்து நின்றது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகள் பள்ளிகளை நிரப்பினர். அப்பள்ளிகளை ஆண்ட கல்வி வாரியத்தின் 21 உறுப்பினர்களையும் மேயரே நியமித்தார். வாரியம் கல்விக் கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுத்தது. கற்பித்தவருள் பெரும்பாலோர் பெண்கள். தலைமை இடங்களிலோ பெரும்பாலும் ஆண்களே அமர்ந்திருந்தனர்.

1899இல் சிகாகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் தலைமையில் அமைந்த குழு, வாரியத்தைச் சிறிதாக்கிக் கண்காணிப்பாளரின் அதிகாரத்தைப் பெருக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தொழிற்சாலை போல் பள்ளியையும் ஒருவர் ஆணையால் நடத்திவிடலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. 1897இல் தோன்றிய ஆசிரியர் கூட்டமைப்பு இதனை உறுதியுடன் எதிர்த்தது. அதன் தலைவியருள் ஒருவரான மார்கரெட் ஹேலி, பெரு நிறுவனங்கள் செலுத்தாதிருந்த வரியை நீதிமன்றத்தின் வாயிலாகவே வெளிக்கொணரச் செய்தவர். பள்ளிக்குப் பணமில்லை என்று கூறியோர்க்கு அது தக்க விடையாயிற்று.

இச்சூழலிலேதான் எல்லா பிளாக் யங் அம்மையாரின் பெயர் முன்னே வந்தது. 1845இல் பிறந்த அவர், 1862இல் தம் பதினேழாம் வயதில் சிகாகோவில் ஆசிரியப் பணியேற்றவர். படிப்படியாக உயர்ந்து துணைக் கண்காணிப்பாளரானார். மேலிடத்தின் ஆணைப்போக்கோடு ஒத்துப்போக இயலாமல் 1899இல் அப்பதவியைத் துறந்தார். பின்னர்ச் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் அறிஞர் ஜான் டூயியிடம் பயின்று, ஐம்பத்தைந்தாம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார். திட்டமிடுவோர் ஓரிடத்திலும் அதனை நிறைவேற்றுவோர் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நின்றால், ஆசிரியர் சிந்திக்கும் மனிதராக இராமல் வெறும் கருவியாகிவிடுவர் என்பதே அவருடைய ஆய்வின் சாரம். மாணவரை மக்களாட்சிக்கு ஆயத்தப்படுத்தும் பள்ளியில் மக்களாட்சி இல்லாதிருப்பது முரணன்றோ?

1909இல் எட்வின் கூலி பதவி விலகியபோது, வாரியம் பல வேட்பாளர்களை ஆராய்ந்தது. இறுதியில் அவ்வாண்டு சூலைத் திங்களில், அறுபத்து நான்கு வயது நிரம்பிய யங் அம்மையாரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் பள்ளி அமைப்புக்குத் தலைமையேற்ற முதற் பெண்மணி அவரே. மறு ஆண்டில் நாட்டின் தேசியக் கல்விச் சங்கமும் அவரைத் தன் முதற் பெண் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஆசிரியர் தம் கருத்தை எடுத்துரைக்க மன்றங்கள் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

எனினும் தேர்ந்தெடுக்கப்படுவது ஒன்று. தலைமையில் நிலைத்து நிற்பது வேறொன்று. 1913 சூலையில், வாரியத்தில் சிலருடைய எதிர்ப்பைத் தாளாது அவர் விலகல் கடிதம் அளித்துப் பின்னர்த் திரும்பப் பெற்றார். அவ்வாண்டு திசம்பரில் மறைமுக வாக்கெடுப்பில் அவருக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை; அவருடைய துணைவரான ஜான் ஷூப் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகரம் கொதித்தெழுந்தது. பெண்கள் அமைப்புகள் பெருங்கூட்டம் கூட்டின. இல்லினாய் மாநிலப் பெண்கள் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை அவ்வாண்டிலேதான் பெற்றிருந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மேயர் கார்ட்டர் ஹாரிசன் தாம் நியமித்த உறுப்பினர் சிலரை வெளியேற்றினார். யங் அம்மையார் மீண்டும் பதவியேற்றார்.

நல்லவர் வென்றார் என மகிழ்வது இயல்பே. ஆயினும் அவ்வெற்றி வந்த வழியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேயர் ஒருவரின் விருப்பம் நல்லவரை அமர்த்த வல்லதாயின், அதே விருப்பம் நாளை நல்லவரை அகற்றவும் வல்லதன்றோ? ஆசிரியர் கூட்டமைப்பில் சேர்ந்தோர் பள்ளிகளில் பணியாற்றலாகாது என்னும் விதியை வாரியம் 1915இல் இயற்றியது. அவ்வாண்டின் இறுதியில் யங் அம்மையார் ஓய்வு பெற்றார். ஷூப் அவ்விடத்திற்கு வந்தார். 1918இல் அம்மையார் மறைந்தார்.

வினா மட்டும் மறையவில்லை. 1995இல் மாநிலச் சட்டமொன்று சிகாகோப் பள்ளிகளின் மீது மேயருக்கிருந்த அதிகாரத்தை மேலும் பெருக்கியது. 2021இல் வந்த சட்டமோ வாரியத்தை மக்களே தேர்ந்தெடுக்க வழிவகுத்தது. அதன்படி 2024 நவம்பரில் பத்து உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எஞ்சிய பதினொருவரை மேயர் நியமித்தார். 2027 முதல் இருபத்தொருவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

வாக்குரிமை வந்துவிட்டதாலேயே நல்ல தலைமை தானே அமைந்துவிடும் என்பதில்லை. பணமும் கட்சியும் தேர்தலிலும் நுழையக்கூடும். ஆனால் ஒருவர் மனம் மாறினால் கவிழ்ந்துவிடும் தலைமையைவிட, பலர் அறியத் தேர்ந்து, பலர் அறியக் கணக்குக் கேட்கும் தலைமையே பள்ளிக்கு உறுதி தருவதாகும். கல்வித் தலைவர் எத்துணை ஆற்றல் மிக்கவராயினும், வகுப்பறைக் கதவு வரையில்தான் அவருடைய ஆணை செல்லும். அதற்கு அப்பால் ஆசிரியரின் மனமே ஆளும். அம்மனத்தைத் தம்மோடு அழைத்துச் செல்ல வல்லவரைத் தேடுவதே உண்மையான தேர்வாகும்.