துப்பாக்கிக் குண்டின் பெயர் தாங்கிய அணி



அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரத்தில் செங்கல்லால் எழுப்பப்பெற்ற கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1828-ஆம் ஆண்டில் கட்டியது. உயரம் ஏறத்தாழ 234 அடி. கோபுரம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் கோயில் கோபுரம் அன்று அது. அதன் உச்சியில் ஈயத்தை உருக்கிச் சல்லடை வழியாகக் கீழே விழச் செய்வார்கள். விழும் வழியில் ஈயத்துளி உருண்டு திரண்டு, அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் வீழ்ந்து இறுகும். அதுவே துப்பாக்கிக்குரிய ஈயக் குண்டு. இக்கோபுரத்தை நினைந்தே, 1944-இல் அந்நகரத்தில் தோன்றிய கூடைப்பந்து அணிக்கு ‘புல்லட்ஸ்’, அதாவது ‘துப்பாக்கிக் குண்டுகள்’ என்று பெயர் சூட்டினார்கள். அவ்வணி பத்தாண்டில் மறைந்தது. 1963-இல் சிகாகோவிலிருந்து வேறோர் அணி வந்து சேர்ந்தபோது, அது அந்தப் பழைய பெயரையே ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டில் ஏப் போலின் என்னும் கட்டடத் தொழிலதிபர் வேறிருவருடன் சேர்ந்து அவ்வணியை விலைக்கு வாங்கினார். 1973-இல் வாஷிங்டன் நகரத்தின் புறத்தே அது குடியேறிற்று. 1978-இல் நாட்டின் வெற்றிக் கோப்பையையும் வென்றது.

குண்டு போல் விரைந்து பாய்வோம் என்பதற்கு மேல் அப்பெயருக்கு அந்நாளில் எவரும் பொருள் தேடவில்லை. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரத்தில் ஆண்டுதோறும் நானூறு பேருக்கு மேல் கொலையுண்டார்கள். அவர்களுள் மிகப் பலர் துப்பாக்கிக்கு இரையானவர்கள், இளைஞர்கள். அத்தகைய ஊரில் சிறுவர்கள் ‘குண்டுகள்’ என்று எழுதிய சட்டையை அணிந்து திரிவது போலினின் உள்ளத்தை உறுத்திற்று. 1995 நவம்பர் 4-ஆம் நாள் அவருடைய நண்பரான இஸ்ரேல் நாட்டுத் தலைமை அமைச்சர் இட்சாக் ராபின் சுடப்பட்டு இறந்தார். அம்மாதத்திலேயே, அணியின் பெயரை மாற்றப் போவதாகப் போலின் அறிவித்தார். 1997 முதல் அது ‘விசார்ட்ஸ்’ ஆயிற்று. ‘மந்திரவாதிகள்’ என்பது பொருள்.

இச்செய்தியை முதன்முதல் படித்தபோது நான் நகைத்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பெயர்ப்பலகையை மாற்றினால் கடைச்சரக்கு மாறிவிடுமா என்று எண்ணினேன். பின்னர் நடந்தவை என் கூற்றை மெய்ப்பிப்பன போலவே தோன்றின. ஆயினும் அவற்றை முழுதும் ஆராய்ந்தபின் அந்நகைப்பு என்னிடம் நிலைக்கவில்லை.

2009 நவம்பர் 24-ஆம் நாள் போலின் காலமானார். அதன்பின் ஒரு மாதமும் நிறையவில்லை. அவருடைய ஆட்டக்காரர்கள் ஃபீனிக்ஸ் நகரத்திலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பொழுது போகச் சீட்டாடினார்கள். ஆட்டத்தில் எழுந்த பணத் தகராறு கில்பர்ட் அரீனாஸ், ஜவாரிஸ் கிரிட்டெண்டன் என்னும் இருவரிடையே வசைமொழியாக முற்றிற்று. அரீனாஸ் அணியின் பெருநட்சத்திரம். ஆறாண்டுக்குப் பதினொரு கோடி டாலருக்கு மேல் ஊதியம் பேசப்பட்டவர். மற்றவருக்கு வயது இருபத்தொன்று. டிசம்பர் 21-ஆம் நாள் உடை மாற்றும் அறையில் அரீனாஸ் நான்கு துப்பாக்கிகளைக் கொண்டுவந்து எதிராளியின் நாற்காலியருகே பரப்பி, ஒன்றைத் தேர்ந்துகொள் என்று எழுதியும் வைத்தார். குண்டு இடாத துப்பாக்கிகள். வேடிக்கைதான் என்று பின்னர்ச் சொன்னார். ஆனால் கிரிட்டெண்டனும் தம் துப்பாக்கியை உடன் கொண்டுவந்திருந்தார். அங்கே ஒருவரும் சுடவில்லை. இருபத்தொரு வயதினர் ஒருவரின் விரல் சற்றே அசைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

விசாரணை நடந்துகொண்டிருக்கையில், 2010 சனவரி 5-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம் தொடங்குமுன் அரீனாஸ் தம் விரல்களையே துப்பாக்கியாக நீட்டித் தோழர்களைச் சுடுவது போல் நடித்தார். தோழர்கள் சூழ்ந்து நின்று சிரித்தார்கள். மறுநாள் அவருடைய இருபத்தெட்டாம் பிறந்த நாள். அன்றே கூடைப்பந்துச் சங்கத்தின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தார். நீதிமன்றம் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், முப்பது நாள் கண்காணிப்பு விடுதி வாசமும் விதித்தது. எனக்கு அத்தண்டனையைவிடத் தோழர்களின் சிரிப்பே பெரிதாகப் படுகிறது. துப்பாக்கி அவர்களுக்கு அவ்வளவு பழகிய பொருளாகிவிட்டது.

இது எவ்வாறு பழகியது? நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் பெறாமல் எவரும் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. அமெரிக்காவிலோ, படைக்கலம் தாங்கும் உரிமை 1791-ஆம் ஆண்டு முதல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. வாஷிங்டன் நகரம் கைத்துப்பாக்கியை நெடுங்காலம் தடுத்துவைத்திருந்தது. 2008 சூன் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தடையைத் தள்ளி, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. உரிமமின்றி வெளியே எடுத்துச் செல்வது அதன் பின்னரும் குற்றமாகவே இருந்தது. அரீனாஸ் அகப்பட்டது அதில்தான்.

ஆட்டக்காரர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது வெறும் வீம்பன்று. 2007 நவம்பரில் வாஷிங்டன் நகரத்தின் காற்பந்து வீரர் ஷான் டெய்லர் ஃபிளாரிடாவில் தம் வீட்டிலேயே திருட வந்தவர்களால் சுடப்பட்டு இறந்தார். வயது இருபத்து நான்கு. (அமெரிக்கர் காற்பந்து என்பது நாம் ஆடும் காற்பந்தன்று, பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது.) செல்வமும் முகவரியும் ஊரறிந்தவை, நாங்கள் எதைக் கொண்டு எங்களைக் காப்பது என்று வீரர்கள் பலர் அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் விடை மறு ஆண்டே வந்தது. நியூயார்க் அணியின் பிளாக்சிகோ பரெஸ் அவ்வாண்டின் தொடக்கத்தில் பெரும்போட்டியில் வெற்றிப் பந்தைப் பிடித்தவர். தம் அணித்தோழர் ஒருவரைத் துப்பாக்கி முனையில் கொள்ளையர் வழிமறித்த சில நாள்களுக்குள், பரெஸ் இடுப்பில் கைத்துப்பாக்கியுடன் இரவுக் கேளிக்கை விடுதிக்குப் போனார். அது நழுவிற்று, பிடிக்கப்போனார், வெடித்துத் தம் தொடையையே துளைத்தது. திருடன் எவனும் அங்கில்லை. காப்புக்குக் கொண்ட கருவி அவரை இரண்டாண்டுச் சிறைத் தண்டனைக்கு உள்ளாக்கியது.

முட்டி மோதி ஆடும் தொழிலே இவர்களை முரடராக்கிவிட்டது என்று சொல்வோர் உண்டு. அதை நான் ஒப்பவில்லை. 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கக் காற்பந்து வீரர்களை அதே வயதுடைய பிற ஆடவரோடு ஒப்பிட்டு, அடிதடிக் குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம் வீரர்களிடையே குறைவே என்று கண்டது. சினமும் அச்சமும் செருக்கும் எல்லா இளைஞருக்கும் உள்ளவை. சினந்த கைக்கு எட்டும் தொலைவில் என்ன இருக்கிறது என்பதே வேறுபாடு. 2012 டிசம்பர் 1-ஆம் நாள் கான்சாஸ் சிட்டி அணியின் ஜோவன் பெல்ச்சர் தம் குழந்தையின் தாயைச் சுட்டுக் கொன்று, அணியின் பயிற்சி நிலையத்துக்குச் சென்று, பயிற்சியாளர் கண்முன்னே தம்மையும் சுட்டுக்கொண்டார். மறுநாள் இரவு ஒரு போட்டியின் இடைவேளையில், தொலைக்காட்சி வருணனையாளர் பாப் காஸ்டாஸ் கைத்துப்பாக்கிப் பழக்கத்தைக் கண்டித்துப் பேசினார். விளையாட்டின் நடுவே அரசியல் எதற்கு என்று பலர் அவரைச் சினந்தார்கள். அந்த வீரர் ஆட்டத்துக்கு வெளியே வேறோர் உலகில் வாழ்ந்தவர் போல அவர்கள் பேசியது எனக்கு வியப்பாக இருக்கிறது.

போலினிடம் திரும்புகிறேன். பெயரை மாற்றியதால் துப்பாக்கி மறையவில்லை. அவரும் அவ்வாறு நம்பியிருக்கமாட்டார். சட்டம் தம் கையில் இல்லை. ஊர் தம் கையில் இல்லை. சட்டையில் எழுதும் சொல் ஒன்றே தம் கையில் இருந்தது. அதை மாற்றினார். அவர் செய்ததைவிட மிகுதியாகச் செய்திருக்க வேண்டியவர்கள் வேறு பலர் இருக்க, நான் நகைத்தது அவரை நோக்கி.

சீட்டாட்டத் தகராறில் இளையவராயிருந்த கிரிட்டெண்டன் என்ன ஆனார்? வாஷிங்டனில் அவருக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பே விதிக்கப்பட்டது. 2011-இல் அட்லாண்டா நகரத்தில் அவருடைய நகைகளைச் சிலர் கொள்ளையிட்டார்கள். அவர்களுள் ஒருவன் என்று தாம் கருதியவனைக் குறிவைத்து ஆகஸ்டு மாதம் அவர் சுட்டார் என்பது வழக்கு. குண்டு பட்டது, அத்தகராறில் எவ்வகைத் தொடர்புமற்ற, நான்கு குழந்தைகளின் தாயான ஓர் இளம்பெண்மீது. அவர் இறந்தார். 2015-இல் கிரிட்டெண்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருபத்து மூன்று ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் மாதம், முப்பத்தைந்தாம் வயதில், சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார்.