பெயர் மட்டும் எஞ்சிய வட்டம்

ஊர் அழிந்தால் அதன் பெயரும் காலப்போக்கில் மறைவது உலக வழக்கம். ஆனால், ஆட்சி மன்றம் கலைந்து, மக்களும் அகன்றுகொண்டிருக்க, பெயர் மட்டும் அரசாங்க ஏட்டில் நிலைத்துநின்ற விந்தை ஒன்றுண்டு. அயர்லாந்தின் வடமேற்கே, லீட்ரிம் மாவட்டத்தைச் சேர்ந்த மோஹில் என்னும் நாட்டுப்புற வட்டத்தின் வரலாறு அது.

லீட்ரிம், ஈரம் தங்கும் களிமண் பூமி. துண்டு நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிட்டே குடியானவர்கள் உயிர் வாழ்ந்தனர். 1841-இல் அம்மாவட்ட மக்கள்தொகை 1,55,297. 1845-இல் கிழங்குப் பயிரை நோய் பற்றியது. பெரும் பஞ்சம் பரவிற்று. துருக்கி சுல்தான் அப்துல் மஜீது 1847-இல் அயர்லாந்தின் பஞ்ச நிவாரணத்திற்கு 1,000 பவுன் வழங்கியதும் இந்நாட்களில்தான். பத்தே ஆண்டுகளில் லீட்ரிமில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் குறைந்தனர். சிலர் மாண்டனர், சிலர் கப்பலேறினர்.

அந்தத் துயருக்குப் பின்னரே, 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுப்புற வட்டங்கள் தோன்றின. வறியோர் நிவாரணத்திற்கென முன்னர் வகுத்த எல்லைகளே அவற்றுக்கு அடிப்படையாயின. நிலப்பிரபுக்களின் பிடி தளர்ந்து, எளிய குடியானவர்களும் மன்றத்தில் அமர்ந்தனர்; பெண்களும் உறுப்பினராகும் உரிமை பெற்றனர். சாலைகளைப் பேணுவதும், கூலித் தொழிலாளர்க்கு வீடு கட்டித் தருவதும் அம்மன்றங்களின் பணிகள்.

வீடு கிடைத்தது, பிழைப்புக் கிடைக்கவில்லை. நிலம் ஒரு மகனுக்குப் போக, மற்றப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் புறப்பட்டனர். 1911-இல் 63,582 ஆயிருந்த லீட்ரிமின் தொகை, 1926-இல் 55,907 ஆயிற்று.

இதனிடையே 1925-இல் சுதந்திர அயர்லாந்து அரசு, டப்ளின் பகுதி நீங்கலாக, இம்மன்றங்களைக் கலைத்தது. எனினும் குடிக்கணக்கு எடுப்போர் பழைய வட்ட எல்லைகளைக் கைவிடவில்லை. முந்தைய எண்ணோடு ஒப்பிட அவை தேவைப்பட்டன. தம் மக்களுக்குச் சாலை போட்ட வட்டம், அதன்பின் அவர்கள் குறைவதை எண்ணிக் காட்டவே பயன்பட்டது! மோஹில் வழியே 1887 முதல் ஓடிய சிறு இரயிலும் 1959-இல் நின்றது. 1996-இல் லீட்ரிம் முழுவதிலும் எஞ்சியோர் 25,057 பேரே.

பின்னர் காற்று திசை மாறிற்று. 2022-இல் அத்தொகை 35,199 ஆக உயர்ந்தது. ஆயினும் 1841-உடன் ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பஞ்சம் சில ஆண்டுகளில் காலி செய்ததை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நிரப்ப முடியவில்லை. எல்லைக்கோடு வகுப்பது அரசுக்கு எளிது. அதற்குள் மனிதன் வேரூன்றி வாழ வழி செய்வதன்றோ அரிது!