களனிவெளியும் பேச்சுச் சிகிச்சைக் கல்வியும்

அவிசாவளையிலிருந்து அட்டன் நோக்கி மலையேறும் வீதியில், கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்துள்ள யட்டியாந்தோட்டை, தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்த சரிவுகளில் விளையும் நிலம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை மாகாணத்தின் திருச்சி, சேலம், மதுரை போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் இச்சரிவுகளின் லயங்களில் குடியேறின. விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவதற்காக 1903இல் இங்குவரை நீட்டப்பட்ட களனிவெளி ரயில் பாதையின் இப்பகுதி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், மூடப்பட்டது. பொருளாதார வரலாற்றில் இவ்வளவு தெளிவாகப் பதிவாகியுள்ள ஓர் ஊரில், பேச்சு வராத பிள்ளைக்கும் பேச்சை இழந்த முதியவருக்கும் என்ன கிடைத்தது என்ற கேள்வி அதே அளவுக்கு ஆராயப்பட்டதில்லை. அக்கேள்விக்கு விடை தேடுபவர், மருத்துவமனைகளின் வரலாற்றைவிடப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றையே முதலில் புரட்ட வேண்டியிருக்கிறது.

பேச்சுச் சிகிச்சை என்பது திக்குவாயைத் திருத்தும் பயிற்சி மட்டுமன்று. உரிய வயதில் மொழி வளராத பிள்ளை, பிளந்த அண்ணத்துடன் பிறந்து அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் மூக்கால் பேசும் பிள்ளை, செவித்திறன் குறைந்தமையால் சொற்களைப் பற்றிக்கொள்ள இயலாத பிள்ளை, பக்கவாதத்தின் விளைவாக மூளையின் மொழிப்பகுதி பாதிக்கப்பட்டு அஃபேசியா எனப்படும் மொழியிழப்புக்கு ஆளானவர், உணவை விழுங்கும்போது புரையேறி நுரையீரல் பாதிப்புக்கு உள்ளாகும் நோயாளி ஆகிய அனைவரும் இத்துறையின் பொறுப்பில் வருகின்றனர். ஆகவே இதனைக் கற்பவர் உடற்கூற்றியலையும் நரம்பியலையும் மட்டுமன்றி, ஒலியியலையும், அதாவது பேச்சொலிகள் பிறக்கும் முறையை ஆராயும் அறிவையும், குழந்தை மொழி வளர்ச்சியையும் உளவியலையும் சேர்த்தே கற்க வேண்டும். ஒலியியலைப் பொறுத்தவரை தமிழ் மாணவருக்கு ஒரு பழைய சொத்து உண்டு: தொல்காப்பியத்தின் பிறப்பியல், மூச்சுக்காற்று மேலெழுந்து நெஞ்சு, மிடறு, நா, அண்ணம், பல், இதழ், மூக்கு முதலிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகும் முறையை வரிசைப்படுத்திக் கூறுகிறது.

தற்காலத் துறையாகப் பேச்சுச் சிகிச்சை உருப்பெற்றது மேற்கில்தான். 1861இல் பாரிசில் போல் புரோக்கா பேச்சிழப்பை மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியோடு தொடர்புபடுத்திக் காட்டியதும், முதல் உலகப் போரில் தலையில் காயமுற்றுப் பேச்சிழந்த வீரர்களுக்கு மறுவாழ்வு அளிக்க வேண்டியிருந்ததும் அதற்கு வழிவகுத்தன. 1925இல் அமெரிக்காவிலும் 1945இல் பிரித்தானியாவிலும் இத்துறையினருக்கான தொழில்முறை அமைப்புகள் தோன்றின. 1960களின் நடுப்பகுதியில், முதுகலைப் பட்டத்துக்கு இணையான கல்வி இன்றித் தகுதிச் சான்றிதழ் இல்லை என்ற நிலையை அமெரிக்க அமைப்பு ஏற்படுத்தியது. இன்றும் அங்கு முதுகலைப் படிப்புடன் 400 மணிநேர மேற்பார்வைப் பயிற்சியும், அதன்பின் பணிநிலைப் பயிற்சிக் காலமும் கட்டாயமாக உள்ளன. பிரித்தானியாவிலோ இளங்கலைப் பட்டமே தொழிலில் நுழையப் போதுமானது. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு அங்கு முதுகலை வழியும் திறந்துள்ளது.

தெற்காசியாவில் தொடக்கம் மருத்துவமனைகளில் அன்றிச் செவிப்புலனற்றோர் பள்ளிகளில் நிகழ்ந்தது. 1897இல் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் நிறுவிய பள்ளி, தமிழ்ப் பேசும் நிலத்தில் இத்தகைய கல்விக்கு முன்னோடியாயிற்று. இலங்கையில் 1912இல் அங்கிலிக்கன் மிஷனரியான மேரி சாப்மனின் முயற்சியால் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பள்ளி தோன்றி, இரத்மலானையில் நிலைபெற்றது. 1956இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி உருவானது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயலான ஒற்றுமையாக இருக்கலாம். ஆனால் அதன்பின் களனிவெளித் தோட்டமொன்றில் செவிப்புலனின்றிப் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தன் மொழியில் கல்வி வேண்டுமாயின் நாட்டின் மறுமுனைக்குச் செல்ல வேண்டியிருந்தது. நாட்கூலியில் வாழ்ந்த பெற்றோர், அந்தத் தொலைவைக் கருதியே பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டதைக் குற்றமாகக் கொள்ளலாகாது.

இரத்மலானைப் பள்ளி தோன்றிய அதே 1912இல்தான் தோட்டங்களின் மருத்துவ வசதிகள் குறித்தும் தொழிலாளரின் நோய்கள் குறித்தும் இலங்கையில் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் நோக்கம் வேலைக்குரிய உடலைக் காப்பதாகவே இருந்தது. தோட்டத்து மருந்துக்கூடத்தில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கிடைத்தது, பேச்சு பிந்திய பிள்ளைக்கு எதுவும் கிடைக்கவில்லை. தாய் கொழுந்து பறிக்கவோ பால் வெட்டவோ சென்றபின் பிள்ளைக்காம்பராவில் அப்பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஆயாவே அதன் குறையை முதலில் கண்டவராக இருந்திருப்பார். வீட்டாரின் கையில் இருந்தவை, நாவில் வசம்பு உரைத்துத் தடவும் வழக்கமும் கோயில் நேர்த்தியுமே. அன்பினால் செய்யப்பட்டவை அவை; அவற்றை அறியாமை என்று தள்ளிவிடுவது, வேறு வழி எதுவும் திறக்கப்படாத வரலாற்றை மறைப்பதாகும்.

கல்வியின் நிலை இதைவிடக் கடினமானது. 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது; ஒற்றை ஆசிரியரும் ஒற்றைக் கொட்டகையுமே பெரும்பாலும் பள்ளிக்கூடமாயின. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வியின் முழுப் பயனும் இப்பள்ளிகளை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேயே. நாடு முழுவதும் சுகாதாரத் துறைசார் தொழில்கள் வளர்ந்த பல பத்தாண்டுகள், யட்டியாந்தோட்டைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்போடு கல்வி முடிந்த பத்தாண்டுகளாகவே கழிந்தன.

இக்காலத்திலேயே அண்டை நாட்டில் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. 1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம், அடுத்த ஆண்டில் முதுகலைப் படிப்பையே முதலில் தொடங்கி, அதன்பின்னரே இளங்கலை வகுப்பைத் திறந்தது. இந்த வரிசை தலைகீழானதுபோல் தோன்றினாலும் ஆழ்ந்த அறிவுடையது: ஒரு துறை வேரூன்ற முதலில் தேவைப்படுபவர்கள் கற்பிப்பவர்களும் ஆராய்பவர்களுமே. அதன் பயன் விரைவில் தெரிந்தது. ஆங்கிலப் பிள்ளைகளுக்காக உருவான தேர்வுகளைக் கன்னடப் பிள்ளையிடமோ தமிழ்ப் பிள்ளையிடமோ பயன்படுத்த இயலாது என்பதால், 1970களில் கன்னடத்துக்கும் 1980களில் தமிழுக்கும் ஒலிப்புத் தேர்வுகள், அதாவது எந்த ஒலியை எந்த வயதில் பிள்ளை சரியாகச் சொல்கிறது என்று அளக்கும் சொற்பட்டியல்கள், மைசூரில் உருவாயின. தமிழுக்கான அத்தகைய தேர்வு முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேடாக எழுதப்பட்டது. சென்னைப் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா உள்ளிட்ட தமிழ்நாட்டு நிறுவனங்கள் பின்னர் இப்படிப்பை விரிவாக்கின.

இலங்கை வேறு வழியில் சென்றது. வெளிநாட்டில் பயின்ற மிகச் சிலரை நம்பியிருந்த இத்துறைக்கு, ராகமயில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1990களின் பிற்பகுதியில், பிரித்தானியப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் துணையுடன், டிப்ளோமாப் பயிற்சியைத் தொடங்கியது. அது பின்னர் நான்காண்டுப் பட்டப்படிப்பாக வளர்ந்தது. மருத்துவமனைகளுக்கு உடனடியாக ஆட்கள் தேவைப்பட்ட நாட்டில் இது நியாயமான தெரிவே, இன்று மாகாண மருத்துவமனைகளில் இச்சேவை காணப்படுவதற்கும் இதுவே காரணம். எனினும் கற்கை மொழி ஆங்கிலம். நோயாளருள் பெரும்பாலோர் சிங்களம் பேசுவோர். ஆகவே தமிழில் சிகிச்சை அளிக்கும் ஆற்றல், தமிழ் மாணவர் எத்தனை பேர் அந்த வகுப்பில் நுழைகின்றனர் என்பதையே சார்ந்து நின்றது.

மற்ற மருத்துவத் துறைகளில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஓரளவு ஈடுசெய்யலாம். இங்கு மொழியே சிகிச்சையின் கருவியாதலால் அது இயலாது. யட்டியாந்தோட்டைப் பகுதியின் ஐந்து வயதுப் பிள்ளை 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று சொன்னால் அது குறையன்று, அதன் வீட்டிலும் லயத்திலும் எல்லோரும் சொல்லும் முறை. அதே பிள்ளை ககரத்தைத் தகரமாக்கிக் 'கண்' என்பதைத் 'தண்' என்றால் அது கவனிக்கத்தக்கது. யட்டியாந்தோட்டை அடங்கும் சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பதால் இப்பிள்ளைகளின் பேச்சில் சிங்களச் சொற்களும் இயல்பாகக் கலக்கின்றன. இரு மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளையின் கலப்பை மொழித்தாமதம் என்று முடிவுகட்டும் தவறும், உண்மையான தாமதத்தை இருமொழிச் சூழலின் விளைவு என்று விட்டுவிடும் தவறும் சமமாக ஆபத்தானவை. மைசூரில் உருவான தமிழ்த் தேர்வும் யாழ்ப்பாணப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட தேர்வும் இவ்வேறுபாட்டைத் தீர்த்துச் சொல்லமாட்டா. இத்தோட்டங்களின் மலையகத் தமிழ்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவர் முதுகலை, முனைவர் நிலை வரை சென்று அளவுகோலை வகுத்தாலன்றி இந்த இடைவெளி அடைபடாது.

அந்நிலையை எட்டும் வழி நெடியது. யட்டியாந்தோட்டை அடங்கும் தெஹியோவிட்டக் கல்வி வலயத்திலும், பொதுவாகச் சப்ரகமுவவிலும், க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழ்மொழி மூலம் நடத்தும் பாடசாலைகள் மிகச் சில. அதைக் கடந்தவர், பள்ளியில் தமிழில் கற்றதைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் மீண்டும் கற்க வேண்டும். பட்டத்துக்குப் பின் மேற்படிப்பை நாடுவோர் பலர் இந்தியா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளை நோக்க வேண்டியிருக்கிறது. தோட்டக் குடும்பமொன்றின் வருமானம் இவ்வழியின் எந்தப் படிக்கும் போதுமானதன்று என்பதால், திறமை இருந்தும் பாதியில் நிற்பவர்களுக்குத் தனிமனிதக் குறையைக் காரணமாக்குவது நேர்மையாகாது.

ஆகவே இப்பகுதித் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்கள், மாணவர்களிடம் மருத்துவம், பொறியியல், ஆசிரியத்துவம் ஆகியவற்றோடு பேச்சு, செவித்திறன் விஞ்ஞானப் பட்டப்படிப்பையும் அதன் நுழைவுத் தகுதிகளையும் பத்தாம் வகுப்பிலிருந்தே எடுத்துச் சொல்ல வேண்டும். மலையகக் கல்விக்கு உதவும் அறக்கட்டளைகள், பட்டம் முடித்த ஒருவரையேனும் மலையகப் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சியை ஆய்வுப் பொருளாகக் கொண்டு முதுகலை பயில அனுப்ப முன்வர வேண்டும்.